340 டொமைன் பெயர்களை ஒரு வாடிக்கையாளருக்காகப் பார்த்துக்கொள்வது எப்படி?

அக்கரைப்பற்றில் சின்னதாக ஒரு வெப் டிசைன் கடை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாசிக்குடாவில் ஹோட்டல், அறுகம்பேயில் தங்குவிடுதி, லண்டனிலும் டொரொன்டோவிலும் கடை என்று இருக்கிற ஒரு குடும்பம் தங்களுடைய 340 டொமைன் பெயர்களையும், அதாவது இணைய முகவரிகளையும், என் பொறுப்பில் தரப்போகிறார்கள். ஐந்து இடங்களில் வாங்கி வைத்திருக்கிறார்கள். என் கையில் இருப்பது ஒரு எக்செல் தாள் மட்டும். நான் 40 பெயருக்கு மேல் பார்த்ததில்லை. எந்த மென்பொருள் வாங்க வேண்டும்? என்ன கட்டணம் கேட்கலாம்? ஊர்க் கோயிலுக்குத் தமிழிலேயே ஒரு பெயர் எடுக்க வேண்டுமாம், அதை எப்படிச் செய்வது?"

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்த வேலையை 2009 முதல் செய்கிறேன். இப்போது 600க்கு மேற்பட்ட பெயர்கள் என் பார்வையில் இருக்கின்றன. பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுடையவை. மென்பொருளைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன். தொழில்நுட்பக் கோளாறால் ஒரு பெயர் கைவிட்டுப் போனதை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை தம்பி. அது யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது, அறிவித்தல் எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததால்தான் பெயர்கள் போயிருக்கின்றன. ஆகவே நீங்கள் செய்யப்போகிற வேலையின் பெரும்பகுதி இதுதான்: 340 பெயரும் அந்தக் குடும்பத்தின் அல்லது அவர்களுடைய கம்பனியின் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. வசதிக்காக என்று அவர்களே சொன்னாலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் கல்முனையில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். காலையில் இருந்து இணையத்தளம் திறக்கவில்லை என்று போன் வந்தது. முதலாளி கடைக் கணினியின் முன்னால் கிரெடிட் கார்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "காசு கட்டுறன் எண்டுதானே சொல்றன் தம்பி, மறுகா ஏன் தொறக்குதில்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பார்த்தால், அந்தப் பெயர் கடைக்காரருடையதே இல்லை. தளத்தைச் செய்து கொடுத்த பொடியன் தன்னுடைய சொந்தக் கணக்கில், தன் பெயரில் வாங்கியிருந்தான். தொடர்பு மின்னஞ்சலாகக் கடையின் முகவரியையே கொடுத்திருந்தான். அதாவது அதே டொமைனில் ஓடுகிற மின்னஞ்சல். பெயர் காலாவதியானதும் மின்னஞ்சல் நின்றுவிட்டது. கடவுச்சொல்லை மாற்றும் லிங்க் அந்த நின்றுபோன பெட்டிக்குத்தான் போகும். வீட்டுத் திறப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய மாதிரி. பொடியன் கத்தாரில். பழைய நம்பர் வேலை செய்யவில்லை. சாய்ந்தமருதில் இருக்கிற அவனுடைய உம்மாவைத் தேடிப் போய், அவர் மூலமாக வட்ஸ்அப்பில் பிடித்தோம். நல்ல பொடியன், உடனே ஒத்துழைத்தான். ஆனால் அதற்குள் பெயர் மீட்புக் கட்டத்துக்குப் போய்விட்டது. சாதாரணமாகப் புதுப்பிக்கிற காசைப்போல் பல மடங்கு கட்டித்தான் எடுத்தோம். பெருநாள் வியாபாரம் நடக்கிற நேரத்தில் அந்தக் கடைக்கு ஆறு நாள் மின்னஞ்சல் இல்லை.

அந்தக் "கட்டம்" என்ன என்பதை வாடிக்கையாளருக்கு விளக்கும் அளவுக்கு நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டொட் கொம், டொட் நெட், டொட் ஓர்க் போன்றவற்றுக்கு, உலகளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிகள் பொருந்தும். காலாவதி நாளுக்கு ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் ரெஜிஸ்ட்ரார், அதாவது பெயரை விற்ற கம்பனி, அறிவித்தல் அனுப்ப வேண்டும். காலாவதியாகி ஐந்து நாளுக்குள் இன்னொன்று. அதன்பின் 45 நாள் வரை வழக்கமான விலையில் புதுப்பிக்க இடம் கிடைக்கலாம். "வரை" என்பதைக் கவனியுங்கள். எத்தனை நாள் தருவது என்பது ரெஜிஸ்ட்ராரின் விருப்பம், சிலர் அந்தக் காலத்திலேயே பெயரை ஏலத்தில் போட்டுவிடுவார்கள். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குத்தான் அந்தப் பெரிய கட்டணம். கடைசியாக 5 நாள், அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது முடிந்த கணத்தில் பெயர் உலகத்தில் எவருக்கும் பொது. நல்ல பெயர் என்றால் அதைப் பிடிப்பதற்கென்றே இயங்கும் கணினி நிரல்கள் ஒரு விநாடிகூட விட்டுவைக்காது.

நாடுகளின் பெயர்களுக்கு, அதாவது டொட் எல்கே, டொட் யூகே, டொட் சிஏ போன்றவற்றுக்கு, இந்த நாள் கணக்கு பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. டொட் கொம்மின் தவணையை மனதில் வைத்துக்கொண்டு டொட் எல்கே பெயரைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். நாட்டுப் பெயர்களில் இன்னொரு சிக்கல், வைத்திருக்கத் தகுதி வேண்டும் என்பது. டொட் சிஏக்குக் கனடாவோடும் டொட் ஏயூவுக்கு அவுஸ்திரேலியாவோடும் சட்டப்படி தொடர்பு இருக்க வேண்டும். டொட் இயூவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் குடியுரிமையோ, அங்கே அல்லது நோர்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைனில் வதிவிடமோ வேண்டும். பிரித்தானியா விலகியபோது, 2021 ஜனவரி 1 முதல், ஒன்றியத்துக்குள் குடியுரிமையோ முகவரியோ இல்லாத பிரித்தானியர்களின் டொட் இயூ பெயர்கள் முடக்கப்பட்டன. லண்டனில் இருந்த எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் இரண்டு டொட் இயூ பெயர்கள் இருந்தன. ஜெர்மனியில் இருக்கிற தங்கையின் பெயருக்கு முதலிலேயே மாற்றியதால் தப்பியது. உங்கள் ஆட்களுக்கு லண்டனிலும் டொரொன்டோவிலும் கடை இருக்கிறது என்கிறீர்கள். எந்த நாட்டுப் பெயர் எந்த ஆளின் தகுதியில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். டொரொன்டோக் கடையை மூடிவிட்டு ஊருக்கு வந்தால் அந்த டொட் சிஏ பெயர் என்னவாகும் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

சரி, எழுதி வைப்பது என்றேன். எங்கே, எப்படி என்று சொல்கிறேன். அவர்கள் தந்த எக்செல் தாளில் பெயரும் காலாவதி நாளும் மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன், வழக்கம் அதுதான். என் அலுவலகத்தில் கணினிப் பதிவு இருந்தாலும், தொடக்கத்தில் ஒரு பெரிய சீஆர் கொப்பியில்தான் எழுதினேன். அந்தக் கொப்பியின் ஒரு வரியை அப்படியே சொல்கிறேன்: பெயர், எந்த ரெஜிஸ்ட்ராரில், எந்தக் கணக்கில், உரிமையாளர் என்று பதிந்திருப்பது யார், தொடர்பு மின்னஞ்சல் எது, நேம்சேர்வர் (பெயரைத் தட்டினால் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் சேர்வர்) யாருடையது, இதில் மின்னஞ்சல் ஓடுகிறதா, காலாவதி, காசு யாருடைய அட்டையில் போகிறது, வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு. கடைசி நிரலின் தலைப்பு: "இந்தப் பெயர் ஏன் இருக்கிறது?" அந்த நிரலை விளையாட்டாகத்தான் போட்டேன் என்று நினைக்க வேண்டாம், அது இல்லாமல் ஐந்து வருடம் கஷ்டப்பட்டபிறகு சேர்த்தது. "2013 இல் மூத்த மகன் தொடங்க நினைத்த படகுச் சவாரிக்காக எடுத்தது, தொடங்கவில்லை, ஆனால் ஒரு பயண வழிகாட்டிப் புத்தகத்தில் அச்சாகிவிட்டது" என்று ஒரு வரி இருந்தால், பத்து வருடம் கழித்து அதை விடுவதா வைத்திருப்பதா என்று இரண்டு நிமிடத்தில் முடிவெடுக்கலாம். அந்த வரி இல்லையென்றால் நான்கு பேருக்குப் போன் எடுக்க வேண்டும், நான்கு பேரும் "இருக்கட்டும்" என்பார்கள்.

340 பெயருக்கும் இந்த நிரல்களை நிரப்ப இரண்டு மாதம் கேளுங்கள். அந்த இரண்டு மாதத்துக்குள் காலாவதியாகிறவற்றை எந்தக் கேள்வியும் கேட்காமல் முதலில் புதுப்பித்துவிடுங்கள். முன்கூட்டிப் புதுப்பித்தால் நாள் வீணாகாது. பழைய காலாவதி நாளில் இருந்துதான் புது வருடம் கூடும். டொட் கொம் பெயரை மொத்தமாகப் பத்து வருடம் வரை கட்டி வைக்கலாம். ஹோட்டலின் பிரதான பெயர், மின்னஞ்சல் ஓடும் பெயர் என்று ஐந்தாறு இருக்கும், அவற்றைப் பத்து வருடத்துக்குக் கட்டச் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு வருடா வருடம் போதும், ஏனென்றால் வருடா வருடம் ஒருமுறை பார்க்கிற சாக்கு கிடைக்கும்.

ஐந்து ரெஜிஸ்ட்ராரை ஒன்று அல்லது இரண்டாகக் குறைப்பது நல்லது. ஆனால் வரிசை முக்கியம். உரிமையாளர் பெயரை முதலில் மாற்றினால் பல இடங்களில் 60 நாள் பூட்டு விழும், அதுவரை வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே முதலில் இடம் மாற்றம், பிறகு உரிமையாளர் மாற்றம். காலாவதி நாளுக்குக் கிட்டவும், தானாகப் புதுப்பிக்கப்பட்டு 45 நாள் முடிவதற்குள்ளும் இடம் மாற்ற வேண்டாம். கட்டிய ஒரு வருடம் கணக்கில் சேராமல் போகலாம். இன்னொன்று, இது என்னை ஒருமுறை இரவு முழுக்க விழிக்க வைத்தது: தொடர்பு மின்னஞ்சலை மொத்தமாக மாற்றும்போது அந்தப் புது முகவரிக்கு உறுதிப்படுத்தும் அஞ்சல் வரும். 15 நாளுக்குள் அதில் இருக்கிற லிங்கை அழுத்தாவிட்டால் பெயரையே முடக்கிவிடலாம். நூறு பெயரின் முகவரியை ஒரே மூச்சில் மாற்றினேன், அஞ்சல்கள் ஸ்பாம் பெட்டிக்குள் போய்விட்டன. பதினாலாம் நாள் தற்செயலாகத் திறந்து பார்த்தேன். இப்போதெல்லாம் இருபது இருபதாகத்தான் மாற்றுகிறேன், ஒவ்வொரு தொகுதியையும் முடித்த பிறகே அடுத்தது.

தொடர்பு மின்னஞ்சல் எதுவாக இருக்க வேண்டும்? அந்த 340க்குள் இருக்கிற எந்த டொமைனிலும் அது இருக்கக்கூடாது. கல்முனைக் கதை ஞாபகமிருக்கும். உங்கள் சொந்த முகவரியாகவும் இருக்கக்கூடாது. இதற்கென்றே தனியாக ஒரு முகவரி திறந்து, குடும்பத்தில் ஒருவருக்கும் உங்களுக்கும் அதில் நுழைய வழி இருக்கட்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல் குறியீடு தரும் செயலியில் வையுங்கள். அவசரத்துக்குத் தருகிற மீட்புக் குறியீடுகளைக் கடதாசியில் அச்சடித்து, ஒரு பிரதி உங்களிடமும் ஒரு பிரதி அவர்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கட்டும். கார்த்திகை, மார்கழி மழையில் நம் பக்கம் வெள்ளம் வருவது புதிதில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல்தட்டில் வையுங்கள். உங்களுக்கு ஏதாவது நடந்தால் அடுத்தது யார் என்று அந்த உறைக்குள் ஒரு பெயரும் இருக்க வேண்டும்.

நேம்சேர்வரைப் பற்றி ஒரு விசயம், பலர் கவனிக்காதது. சிலர் தங்கள் கம்பனிப் பெயரில் நேம்சேர்வர் வைத்து எல்லா வாடிக்கையாளர்களையும் அதில் கட்டிவிடுவார்கள். பார்க்கக் கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் அந்த ஒரு டொமைன் காலாவதியானால் 340 பெயரும் ஒரே நேரத்தில் விழும். அதைவிட மோசம், அதை வேறு ஒருவர் வாங்கினால் 340 பெயரின் கடிவாளமும் அவர் கைக்குப் போகும். நான் வைத்திருப்பவற்றில் பத்து வருடத்துக்கு முன்பணம் கட்டிய முதல் பெயர், என் நேம்சேர்வர் இருக்கிற அந்தப் பெயர்தான். டொட் எல்கேயிலும் இந்த வகை ஆபத்தைக் கண்டிருக்கிறோம்: 2021 பெப்ரவரி 6 அன்று, கூகுளின் டொட் எல்கே முகவரி உட்பட சில பெயர்களுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். அந்தத் தளங்களை யாரும் உடைக்கவில்லை. பெயருக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற டிஎன்எஸ் பதிவைத்தான் மாற்றினார்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் நேம்சேர்வர் பதிவுகளை மாதத்துக்கு ஒருமுறையாவது உங்கள் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனிக் காசு. இது நம் நாட்டுக்கே உரிய தலையிடி. ரெஜிஸ்ட்ரார்கள் வாங்கும் டொட் கொம் பெயரின் மொத்த விலையை அதை நடத்தும் வெரிசைன் நிறுவனம் 2024 செப்டெம்பர் 1 முதல் 10.26 டொலர் ஆக்கியது. ரெஜிஸ்ட்ராரின் இலாபமும் மற்றதும் சேர்த்துப் பெயருக்குச் சராசரி 15 டொலர் என்று வைத்தால், 340 பெயருக்கு வருடம் 5,100 டொலர். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, அந்தக் கணக்கில் 10,20,000 ரூபா. மார்ச்சில் ரூபா சரியத் தொடங்கி 360ஐத் தொட்டபோது அதே பில் 18,36,000 ரூபா. விலை ஏறியதுகூடப் பெரிதில்லை. காசு கையில் இருந்தும் கட்ட முடியாமல் போனதுதான் கொடுமை. வங்கி என்னுடைய அட்டையை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு எந்த அறிவித்தலும் இல்லாமல் நிறுத்தியிருந்தது. மின்வெட்டுக்கு நடுவில், போனின் கடைசிப் பத்து வீத சார்ஜில், பதினேழு பெயரின் கொடுப்பனவு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சூரிச்சில் இருக்கிற மச்சான் தன்னுடைய அட்டையில் கட்டினார்.

அன்றிலிருந்து மூன்று வழக்கம் வைத்திருக்கிறேன். ரெஜிஸ்ட்ரார் கணக்கில் முன்கூட்டியே டொலர் வைப்பு இருக்கும், அடுத்த 90 நாளுக்கு வேண்டிய அளவுக்கு. வெளிநாட்டில் இருக்கிற வாடிக்கையாளர் என்றால் அவர்களுடைய அட்டை இரண்டாவதாகக் கணக்கில் பதிந்திருக்கும். உள்ளூர் வியாபாரம் மட்டும் செய்கிறவருக்கு டொட் எல்கேயைத்தான் முதலில் சொல்கிறேன், 1990 முதல் இங்கேயே நடத்தப்படுகிற பதிவகம் (அந்தப் பெயர்களின் மூலப் பதிவை வைத்திருக்கும் அமைப்பு), ரூபாவில் கட்டலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை நம்ப வேண்டாம் என்று சொல்லமாட்டேன், போட்டு வையுங்கள். ஆனால் அட்டையின் காலாவதி நாளையும் டொமைனின் காலாவதி நாளைப் போலவே கொப்பியில் எழுதுங்கள். பெரிய கம்பனிகளுக்கே இது நடந்திருக்கிறது. 1999 டிசம்பரில் மைக்ரோசொப்ட் ஹொட்மெயிலுக்குள் நுழையப் பயன்பட்ட தன்னுடைய பாஸ்போர்ட் டொட் கொம் பெயருக்கு 35 டொலர் கட்ட மறந்துபோய், ஹொட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியாமல் போனது. அமெரிக்காவில் ஒரு நிரலாளர் தன் கையிலிருந்து அதைக் கட்டிவிட்டார்.

340 பெயரும் உண்மையில் வேண்டுமா என்ற கேள்வி அடுத்து வரும். பாசிக்குடா ஹோட்டல் என்றதும் எனக்கு ஏன் இத்தனை என்று புரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் பாசிக்குடாவை எழுதிப் பாருங்கள். எஸ் ஒன்று போடுகிறவர்களும் உண்டு, இரண்டு போடுகிறவர்களும் உண்டு. கடைசியில் எச் போடுவார்கள், போடாமலும் விடுவார்கள். நடுவில் ஐ வரும், சிலருக்கு ஈ வரும். இந்த மூன்றிலேயே எட்டு வடிவம். ஒவ்வொன்றையும் டொட் கொம்மிலும் டொட் எல்கேயிலும் எடுத்தால் பதினாறு. பக்கத்தில் "பீச்", "ரிசோர்ட்", "ஹோட்டல்" என்று சேர்க்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும்? காத்தான்குடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று எல்லாமே இப்படித்தான். நம் ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் இல்லை.

எதை வைத்திருக்க வேண்டும் என்பதற்கு நான் பார்ப்பது இரண்டு. வெள்ளைக்காரப் பயணி ஒருவர் வழிப்பலகையைப் பார்த்துத் தட்டினால் எந்த வடிவம் வரும்? வழிப்பலகையில், வரைபடத்தில், அறை முன்பதிவுத் தளங்களில் இருக்கிற வடிவங்களை வைத்திருங்கள். அப்புறம், தவறாகத் தட்டினால் எந்த முகவரிக்கு மின்னஞ்சல் போய்ச் சேரும்? ஹோட்டலுக்கு முன்பதிவுக் கடிதம், கடவுச்சீட்டுப் பிரதி எல்லாம் மின்னஞ்சலில் வரும். ஓர் எழுத்து மாறிய பெயரை வேறு யாராவது எடுத்துப் பெட்டி திறந்து வைத்தால் அவையெல்லாம் அங்கே போய் விழும். அந்த வடிவங்களை விட்டுவிட வேண்டாம். தளம் இல்லாமல் சும்மா இருக்கிற பெயர்களில், "இங்கிருந்து எந்த மின்னஞ்சலும் புறப்படாது" என்று சொல்லும் எஸ்பிஎஃப், டிமார்க் பதிவுகளைப் போட்டு வையுங்கள். இல்லையென்றால் அந்தப் பெயரைப் போட்டு யாரும் பொய்க் கடிதம் அனுப்பலாம். வேறு பெயருக்குத் திருப்பிவிடுகிற பெயர்களுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், மறந்துவிடாதீர்கள். அந்தச் சான்றிதழ்களின் ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளாகப் போகிறது. கையால் புதுப்பிக்கிற காலம் முடிகிறது, தானாக ஓடும்படி இப்போதே வைத்துவிடுங்கள்.

விட்டுவிடலாம் என்று முடிவு செய்த பெயரையும் உடனே விடக்கூடாது. குறைந்தது ஒரு முழு வருடம், பாசிக்குடாப் பருவமும் அறுகம்பேப் பருவமும் ஒருமுறை வந்து போகும்வரை, அதற்கு யார் வருகிறார்கள், என்ன மின்னஞ்சல் வருகிறது என்று பாருங்கள். எந்த வங்கிக் கணக்கு, எந்த முகப்புத்தகப் பக்கம் அந்த முகவரியில் திறந்தது என்று கேட்டு மாற்றச் சொல்லுங்கள். பெயரை வாங்குகிற அடுத்த ஆளுக்கு அந்த முகவரியின் அஞ்சலும் கிடைக்கும், கடவுச்சொல் மாற்றும் லிங்க் உட்பட. 2004 சுனாமிக்குப் பின் நம் கரையோரத்தில் நிவாரணச் சங்கங்கள் பல இணையத்தளம் திறந்தன. வேலை முடிந்ததும் பெயர்களைக் கவனிக்க ஆளில்லை. அப்படி ஒரு சங்கத்தின் தளத்தைச் சில வருடம் கழித்துத் திறந்தேன். இறந்த பிள்ளைகளின் படங்கள் இருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பாடசாலைகளின், நூலகங்களின் பக்கங்களில் இருந்து அதற்கு இன்னும் லிங்க் இருந்தது. நான் ஒவ்வொரு இடமாக எழுதி அவற்றை எடுக்கச் சொன்னேன், சிலர் எடுத்தார்கள். ஊர்ப் பொதுக்காரியத்துக்காக எடுத்த பெயர் அந்த 340க்குள் இருந்தால், வருடம் 15 டொலரைப் பார்க்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள் தம்பி.

கட்டணம் எவ்வளவு என்று இலக்கம் சொல்ல நான் விரும்பவில்லை, உங்கள் செலவு உங்களுக்குத்தான் தெரியும். எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். பெயருக்கு ரெஜிஸ்ட்ரார் எடுக்கிற காசு ஒரு வரி, உள்ளபடி, டொலரில். உங்கள் உழைப்புக்கு வருடக் கட்டணம் இன்னொரு வரி. டொமைன் விலைக்குள் உங்கள் இலாபத்தை மறைத்து வைத்தால், பெயர்களைக் குறைக்கச் சொல்லி நேர்மையாக ஆலோசனை சொல்ல உங்களுக்கே மனம் வராது. கூடவே தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: பெயர்கள் அவர்களுடையவை, எப்போது கேட்டாலும், பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோகத் தேவையான மாற்றக் குறியீட்டைத் தருவேன், மாதம் ஒருமுறை நிலவரத் தாள் அனுப்புவேன், 90 நாளுக்கு முன் அறிவித்தும் பதில் வராவிட்டால் என்ன செய்வேன். ரெஜிஸ்ட்ரார்களே கேட்ட ஐந்து நாளுக்குள் மாற்றக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பாக்கிக் காசு இருக்கிறது என்று பெயரைப் பிடித்து வைப்பவர்களை நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். அந்த வழியில் போக வேண்டாம். பாக்கியைப் பாக்கியாகக் கேட்டு வாங்குங்கள்.

மென்பொருள்: 340க்கு நல்ல எக்செல் தாளும், காலாவதி நாட்களைத் தினமும் பதிவகத்திடமே கேட்டுச் சரிபார்க்கும் ஒரு சின்னக் கணினி நிரலும் போதும். பெயரின் பதிவு விவரத்தைக் கேட்டறியும் பழைய ஹூஇஸ் முறையை நம்பி எழுதிய நிரல் என்றால் மாற்றுங்கள். டொட் கொம் போன்ற பொதுப் பெயர்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் ஆர்டிஏபி என்ற முறைதான் கட்டாயம். ஆயிரத்தைத் தாண்டினால் வேறு யோசிக்கலாம்.

கோயில் பெயருக்கு வருகிறேன். டொட் இலங்கை என்ற தமிழ் முகவரி 2010 முதல் இருக்கிறது, சிங்களத்தில் டொட் லங்காவோடு ஒன்றாக வந்தது. தாராளமாக எடுங்கள், பார்க்கவே சந்தோசமாக இருக்கும். ஆனால் நம் கோயில்கள் பலவற்றின் பெயர் "ஸ்ரீ" என்று தொடங்கும், அங்கே கவனம். கணினியில் அந்த எழுத்தை இரண்டு விதமாகக் கட்டலாம். "ஸ்" வைத்துக் கட்டுவது பழைய முறை. "ஶ" என்ற எழுத்து 2005 இல் கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடில் சேர்ந்தபின் அதை வைத்துக் கட்டுவது இன்னொரு முறை. திரையில் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஒரு போனின் விசைப்பலகை ஒன்றைத் தரும், இன்னொன்று மற்றதைத் தரும். முடிந்தால் "ஸ்ரீ" இல்லாமல் ஊர்ப் பெயரோடு எடுக்கச் சொல்லுங்கள். வேண்டும் என்றே நிர்வாகம் சொன்னால், எடுத்தபின் நான்கைந்து பேரின் போனில் தட்டச் சொல்லிப் பாருங்கள். தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்என் என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்து வடிவம் உள்ளே இருக்கும். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் தமிழ் வடிவத்துக்குக் கீழே அதையும் எழுதிக் கொடுங்கள். தலைவர் மாறி, செயலாளர் மாறி, பத்து வருடம் கழித்து ஒருவர் வந்து "எது எங்கள் பெயர்?" என்று கேட்டால், அந்த வரியைக் காட்டலாம்.